குட்டியின் கன்னத்துப் பொட்டு

எனக்குக் கோவையாக எழுத வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சாமான் எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் ஊர் படிப்பேன், அவ்வளவுதான். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் பாலும் போய்விடும், ஜன்னலில் பார்த்ததும் போய்விடும். அதனால் முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு நடுவில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் கொஞ்சம் தைரியம்.

மந்தைவெளிப் பக்கம் ஹவுசிங் போர்டு வீட்டில், மாடியில், நானும் என் தங்கையும் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆயிற்று, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாள். நான் அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். முட்டி விட்டுப்போனதும் நின்றுவிட்டேன். அடுப்படி ஜன்னலில் பறக்கும் ரயில் போவது தெரியும். மத்தியானத்தில் ரயிலில் ஆட்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். வெயில் ஒரு பக்க ஜன்னலில் ஏறி மறுபக்க ஜன்னலில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.

மண்ணுக்குக் கீழேயும் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்றுதான் தெருவெல்லாம் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை பால் வாங்கப் போனபோது அந்தத் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை மாதிரியும் இல்லை, கூப்பிடுகிற மாதிரியும் இல்லை. தண்ணீர்க் குழாயில் காற்று வருமே, அந்த மாதிரி. தகரத்துக்கும் தரைக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. விட்டேன். ஈரமான மூக்கு ஒன்று என் விரலை வந்து தொட்டது. தாயைக் காணோம், கூடப் பிறந்ததையும் காணோம். வயர் கூடையில் பால் பாக்கெட்டுக்கு மேலே புடவைத் தலைப்பை மடித்துப் போட்டு, அதன்மேல் வைத்துக் கொண்டுவந்தேன்.

நாய்க்குட்டி. சுண்டக் காய்ச்சிய பால் நிறம். உடம்பில் வேறு நிறப் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. உள்ளங்கால் நாலும் ரோஜா நிறத்தில் இருக்கும். பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் எழுத மாட்டேன். முகம் தெரியாதவர்கள் வாயில் பட வேண்டாம்.

என் தங்கை பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

"மழையில கெடந்துச்சு."

"மழையில ஆயிரம் கெடக்கும். எல்லாத்தியும் கூடையில போட்டுக்கினு வந்துடுவியா?"

குட்டி பால் பாக்கெட்டை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் முன்னே ஒரு நாய் இருந்தது. அவளிடம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் தையல் மிஷினை மிதித்தால் அதற்கு அடியில் அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுக்கும், மிதிக்க மிதிக்கத் தலையும் ஏறி இறங்கும். அதற்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் ஒரு வெயில்காலம் முழுக்க ஆஸ்பத்திரி. அப்போது அடகுக்குப் போன அவள் மூக்குத்தி திரும்பி வரவே இல்லை. துளை தூர்ந்துவிடக் கூடாது என்று வேப்பங்குச்சி செருகி வைத்திருக்கிறாள், இன்றைக்கும். நாயும் தங்கவில்லை. அதற்கப்புறம் மிஷின் மிதிக்கும்போது அவள் கால் ஒரு ஓரமாகவே இருக்கும், நடுவில் வராது.

குட்டி வந்த வாரத்திலேயே சொல்லிவிட்டாள்.

"கிண்டி எஸ்டேட்ல பட்டறை வெச்சினுகிறாரே, நம்ம கடைக்கு ஹேங்கர் போடறவரு, அவரு காவலுக்கு நாய் கேக்கறாரு. மார்கழியில வோணாம், தை பொறந்ததும் எட்த்துக்கறேன்னு சொல்லிகீறாரு. அதுவரிக்கும் வளத்துக்க."

அந்தப் பட்டறையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். வாசலில் இரும்புச் சங்கிலி. சங்கிலி போகிற தூரத்துக்கு மண் வட்டமாகத் தேய்ந்திருக்கும்.

"அனுப்ப வேணாம்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"இன்னொரு தபா என்னால முடியாதுக்கா. விக்கறதுக்கு மூக்குல ஒண்ணியும் கெடயாது, பாத்துக்க."

பிறகு ஒரு நாள் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். கடைக்கு வந்த ஒரு அம்மா தன் நாய்க்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறாளாம். நாய்க்கு நோய் வந்தால் கம்பெனி செலவைத் தரும்.

"மனுசனுக்குப் போடறா மாரி நாய்க்கும் போடறாங்களாம். தை பொறக்கறதுக்குள்ள அந்தப் பேப்பரு இந்த வூட்டுக்கு வந்துச்சுன்னா குட்டி இருக்கட்டும். வரலன்னா கிண்டி. அவ்ளோதான்."

மார்கழி பிறந்திருந்தது.

அந்த மாதத்து மத்தியானங்கள் எனக்கு ஒரே மத்தியானம் மாதிரி ஞாபகம் இருக்கின்றன. கடல் காற்று மூன்று மணிக்கு மேல் வரும். குட்டி டைல்ஸ் தரையில் ஒரு காதை அழுத்திப் படுத்திருக்கும். பூமிக்குள்ளே சுரங்கம் குடைந்துகொண்டு போகிற மிஷினைக் கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். தங்கை, "அந்த மிஷின் எப்பவோ நம்மள தாண்டிப் பூட்ச்சுக்கா" என்பாள். இருக்கலாம். ஆனால் குட்டி பிறந்தது அந்தச் சத்தத்தின் மேலேதானே. தாயின் வயிற்றுக்குள் இருந்தபோதே கேட்டிருக்கும். தூங்கும்போது நாலு காலும் ஓடும். எங்கே ஓடுகிறாய் என்று கேட்பேன். தகரத்துக்கு அப்பால், மண்ணுக்கு அடியில், இன்னும் விளக்குப் போடாத ஸ்டேஷன்களில் அது தனியாக ஓடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். தாய் அங்கேதான் எங்கேயோ இருக்கிறாள் என்றும் தோன்றும். எனக்கும் தூக்கம் வந்துவிடும். விழித்துப் பார்த்தால் அது என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும்.

எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் பாலிசி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஸ்கூட்டரில் வருவார், யார் வீட்டிலும் காப்பி வேண்டாம் என்று சொல்ல மாட்டார். தங்கை கூப்பிட்டதும் வந்துவிட்டார்.

"மார்கழில புது பாலிசி எவனும் போட மாட்டான், சும்மாத்தான் குந்திகினு இருந்தேன்" என்றார். "ஆனா நாய்க்கு நான் போட்டதே இல்லக்கா. கம்பெனில கேட்டுட்டு வந்தேன். தெரு நாய்க்கும் போடறாங்களாம். மார்கழின்னு பாக்க மாட்டியே?"

"நாயி பஞ்சாங்கம் பாத்தா பொறந்துச்சு? சொல்லு, நைனா."

நான் கதவுக்குப் பின்னால் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் விளக்கினார். மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, நோய் வந்தால், அடிபட்டால், ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரிச் செலவு. இரண்டாவது, அதோடு நாய் இறந்துபோனால் ஒரு தொகை. மூன்றாவது, ஆஸ்பத்திரிச் செலவோடு நாய் காணாமல் போனால் தேடுகிற செலவு. நோட்டீஸ் அடிக்க, பேப்பரில் போட.

"இதுல ரெண்டாவதுதான் பெஸ்ட்டு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? ஒண்ணு ஆயிட்ச்சுன்னா துட்டு வரும்ல. மனுசங்களுக்கும் நான் அத்தத்தானே விக்கறேன்."

பால் மறக்காத குட்டி மடியில் இருக்கும்போது, அது போனால் இவ்வளவு என்று பேசுகிறார்களே என்று இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் குழந்தை பிறப்பதற்கு முன்னே தொட்டில் வாங்க மாட்டோம். அப்படிப்பட்டவர்கள் நாங்கள். கதவிடுக்கில் தங்கையின் புடவையை இழுத்து, "அது வேணாம்னு சொல்லு" என்றேன்.

"யக்கா வோணாங்குது."

"ஏன் பெரிம்மா? நல்ல பிளான்."

"நல்லதுதான்" என்றாள் தங்கை. "நீ வந்து குந்தனதும் முதல்ல சாவப் பத்தி பேசறியே, அதான் யக்காவுக்குப் புடிக்கல. காப்பிய குடி."

காணாமல் போனால் தேடுகிறது என்றாரே, அது என் மனதில் ஒட்டிக்கொண்டது. நோட்டீசில் குட்டியின் முகம் அச்சாகி, மந்தைவெளி மார்க்கெட் சுவரிலும் லஸ் பக்கத்துத் தகரத்திலும் ஒட்டியிருப்பது மாதிரி கண்ணில் வந்தது. நடந்து போகிறவர்கள் நின்று, இதைப் பார்த்தோமே என்கிறார்கள். ஒரு ஜீவன் காணாமல் போனால் ஊர் முழுக்க அதன் முகம் இருக்கும். கேட்கவே இதமாக இருந்தது. மூன்றாவதைக் காட்டி மூன்று விரலைக் கதவுக்கு வெளியே நீட்டினேன்.

தங்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆஸ்பத்திரி செலவு இருக்கணும், அதான் எனுக்கு முக்கியம். கூட காணாமப் போறது இருந்தா இருந்துட்டுப் போவட்டும். மூணாவதே போடு, நைனா."

"சரி, கொண்டாங்க குட்டிய. கம்பெனிக்குப் போட்டோ அனுப்பணும். நேரா ஒண்ணு, ரெண்டு பக்கமும், மூக்கு கிட்டத்துல ஒண்ணு."

போட்டோ என்றதும் நான் ஒரு காரியம் செய்தேன். குட்டி வந்த நாளிலிருந்து குளிப்பாட்டித் துவட்டியதும் இடது கன்னத்தில் கண் மையால் பொட்டு வைப்பது வழக்கம். மறு இல்லாத முகம். கீழே பால் பூத் பக்கம் கொண்டுபோனால் எல்லோரும், "ஐயோ, இன்னா அழகு" என்பார்கள். அந்த வார்த்தை ஒவ்வொன்றும் அதன்மேல் பட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா? அன்றைக்கும் காலையில் வைத்திருந்தேன். போட்டோ என்றால் இன்னும் எத்தனை கண் படுமோ என்று உள்ளே போய் அதன் மேலேயே கொஞ்சம் பெரிதாக வைத்துக் கொண்டுவந்தேன். குழந்தையை ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனால் அப்படித்தானே செய்வோம்.

அவர் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தார். போனில் ஏதோ தட்டினார். குட்டி அவர் ஸ்கூட்டர் சாவியைக் கடித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அடையாறில் ஒரு நாய் டாக்டரம்மா இருக்கிறார், குட்டிக்குத் தடுப்பூசி போட்டவர். பாலிசிக்காரர் கொடுத்த ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் ஆட்டோவில் போனோம். வயர் கூடையில் குட்டி. பாலத்தின் மேல் ஏறியதும் ஆற்றுக் காற்று. தலையைக் கூடைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றைக் குடிக்கிற மாதிரி வாயைத் திறந்தது. காது இரண்டும் பின்னால் பறந்தன. தண்ணீரில் வானம் கிடந்தது. பறவைகள் மேலே பறக்கின்றனவா கீழே பறக்கின்றனவா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம். இன்றைக்குப் போவது மாதிரியே கிண்டிக்கும் ஒரு ஆட்டோ போகும், அன்றைக்கும் இது இப்படித்தான் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா குட்டியை மேஜைமேல் நிறுத்தினார். பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

"நல்லா இருக்கான். மூக்கைப் பாருங்க பாட்டி. இந்தக் கோடு இருக்கே, நம்ம கட்டைவிரல் ரேகை மாதிரி. இதே மாதிரி இன்னொரு நாய்க்கு இருக்காது. அதுக்குத்தான் மூக்கைப் படம் எடுக்கறாங்க."

குனிந்து பார்த்தேன். பட்டினப்பாக்கத்தில் அலை திரும்பிப் போனதும் ஈர மணலில் கோடு விழுந்திருக்குமே, அப்படி இருந்தது. இத்தனை நாள் முத்தம் கொடுத்த மூக்கு, நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா ஃபாரத்தைப் படித்தார். குட்டியின் முகத்தைப் பார்த்தார். பஞ்சில் ஏதோ மருந்தை நனைத்துக் கன்னத்தைத் துடைத்தார். பஞ்சைப் பார்த்தார்.

"பாட்டி, அடையாளம்னு ஒரு இடம் இருக்கு. அதுல 'இடது கன்னத்தில் பெரிய கறுப்பு மச்சம்'னு போட்டிருக்கு."

"ஆமா" என்றேன், என்ன சொல்கிறார் என்று தெரியாமல்.

"அந்த மச்சம் இப்ப என் பஞ்சுல இருக்கு."

தங்கை என்னைப் பார்த்தாள். வெளியே பெரிய நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பாலிசிக்காரர் போனில் தட்டியது அதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவர் பொட்டை மச்சம் என்று நினைத்துவிட்டார். நான் அது மச்சமாகத் தெரியும் என்று நினைக்கவில்லை. பொட்டு பொட்டாகத்தானே தெரியும்?

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இல்லாத மச்சத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. மச்சம் இல்லைன்னு எழுதித் தரேன். கம்பெனி என்ன சொல்லுதோ பாருங்க" என்றார்.

திரும்பி வரும்போது பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் பாலிசிக்காரர் வந்தார். டாக்டர் எழுதியதைப் பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பெரிம்மா, சொல்லக் கூடாதா? நான் பெறவியிலயே வந்ததுன்னு நெனச்சேன்."

"நீயும் கேக்கல, அதுவும் சொல்லல. பேஷா பாத்த போ" என்றாள் தங்கை.

அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "இதுக்கு ஒரு வழி கீது. வேற டாக்டராண்ட போய் பொட்டோடவே காட்டிடலாம். அப்பால தினமும் வெச்சுகினே இருங்க. எவன் வந்து பாக்கப் போறான்?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எப்படியும் தினமும் வைக்கிறேன்.

தங்கை ஊசியைப் புடவையில் குத்தி நிறுத்தினாள்.

"நாளைக்கு அது ஆஸ்பத்திரியில கெடக்கும்போது நான் டாக்டராண்ட போவணுமா, மை டப்பாவத் தூக்கிக்கினு ஓடணுமா? பொய் மச்சத்துக்கு எவன் துட்டு குடுப்பான்? அன்னிக்கு எனுக்குக் கை ஒடஞ்சிடும், நைனா. உள்ளத உள்ளபடி கம்பெனிக்குச் சொல்லு."

அவர் சொன்னார். போட்டோ ஒன்று சொல்கிறது, டாக்டர் ஒன்று சொல்கிறார், அதனால் நாயை வீடியோ காலில் பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் கேட்டுவிட்டார்கள். நாள் கொடுக்கக் கொடுக்கத் தள்ளிப்போய்க் கடைசியில் போகியன்று காலை என்று ஆயிற்று. அதற்கு மறுநாள் தை.

போகிக்கு முதல் நாள் கிண்டிக்காரர் போன் செய்தார். பொங்கல் கழிந்து வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். தங்கை, "நாளிக்கு சொல்றேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் குட்டிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். பிசைந்துகொண்டே இருந்துவிட்டேன், கஞ்சியாகிவிட்டது.

போகி அன்று விடிந்ததே தெரியவில்லை. பனியும் புகையும் சேர்ந்து ஊரையே காணோம். எதிர் பிளாக் இல்லை. பறக்கும் ரயிலின் சத்தம் மட்டும் வந்தது, ரயில் வரவில்லை. கீழே பிள்ளைகள் தட்டுகிற மேளச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. குட்டி ஒவ்வொரு அடிக்கும் என் முந்தானைக்குள் புகுந்தது. பழையதெல்லாம் எரிகிற வாசனை. உலகத்தில் எங்கள் வீடு மட்டும் மிதந்துகொண்டு இருக்கிற மாதிரி இருந்தது.

பாலிசிக்காரர் போனைப் பிடித்தார். உள்ளே ஒரு பெண். தமிழ்தான், தெற்கத்திப் பேச்சு.

"என்னம்மா, ஒரே புகையா இருக்கு? லைட்டப் போடுங்களேன். ஓனர் யாரு?"

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். என் ஆதாரைத்தான் கொடுத்திருந்தோம். அதற்கு எடுத்த படத்தைத் தவிர என் முகத்தை யாரும் பிடித்ததாக ஞாபகம் இல்லை.

"நீதாங்கா ஓனரு. வா, வந்து குந்து" என்று தங்கை கையைப் பிடித்து இழுத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். குட்டியைத் தூக்கி வந்து என் மடியில் வைத்ததும் அவள்தான்.

"பாட்டிம்மா, அந்தக் கன்னத்த ஈரத்துணியால தொடைங்க. நான் பாக்கணும்."

துடைத்தேன். காலையில் வைத்த பொட்டு துணியில் வந்துவிட்டது. வெறும் கன்னம். இப்படி மொழுமொழு என்று அதன் முகத்தை நானே பார்த்து நாளாயிற்று. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எட்டிப் பார்த்து, "செம்ம கியூட்டு" என்றான். எத்தனை கண் படக் கூடாது என்று இத்தனை நாள் மறைத்தேனோ, அத்தனை கண்ணுக்கும் நேரே கொண்டுபோய்ப் பிடிக்கிறேன். காப்பாற்றுவதற்குப் பொட்டு வைத்தேன். இப்போது காப்பாற்ற வேண்டுமென்றால் பொட்டு இருக்கக் கூடாது. என் கை தானாகப் போய் அதன் கன்னத்தை மூடியது.

"பாட்டிம்மா, கைய எடுங்க."

எடுக்க வரவில்லை. மெய்யாலுமே வரவில்லை.

தங்கை வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எட்த்துடுக்கா. ஒண்ணியும் ஆவாது" என்றாள், மெதுவாக. "நான் பாத்துகினேன், எட்து."

எடுத்தேன்.

அந்தப் பெண் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "எங்க அக்கா மவனுக்கும் இதே கததான். ஆதார்ல பொட்டோட படம் புடிச்சுட்டாங்க. இப்ப பெரிய பையன், அதக் காட்டிக் காட்டிக் கேலி பண்ணுவோம். அழுவாதீங்க பாட்டிம்மா. மூக்கக் கிட்டக்க காட்டுங்க."

நான் அழுததே அவள் சொல்லித்தான் தெரிந்தது. பாலிசிக்காரர் போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். குட்டி அதை ஒரே நக்காக நக்கிவிட்டது.

"அய்யய்யே! தொடச்சுட்டுக் காட்டுங்க" என்று அவள் அங்கே கத்தியது இங்கே கேட்டது. துடைத்துக் காட்டினார். மணல்கோடு மாதிரி அந்தக் கோட்டைப் பதித்துக்கொண்டாள். "சரி. மச்சத்த எடுத்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள பாலிசி வந்துரும்" என்றாள். போன் அணைந்தது.

பாலிசிக்காரர் போனதும் முதல் வேலையாக மை டப்பாவைத் தேடினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். இல்லை. மறதியாக எங்கே வைத்தேனோ என்று அலமாரி எல்லாம் பார்த்தேன். குட்டி மடியிலிருந்து இறங்கியதிலிருந்து என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது வெள்ளை டைல்ஸில் சின்னச் சின்னதாகக் கறுப்பு. நாலடிக்கு ஒன்று. அடுப்படிக்குப் போய், திரும்பி, அலமாரியைச் சுற்றி, என் காலடி வரைக்கும்.

தூக்கிப் பின்னங்காலைத் திருப்பினேன். ரோஜா நிற உள்ளங்காலில், நடுவில், வட்டமாக மை. இன்னும் காயவில்லை.

கைக்குழந்தையை நாலு பேர் நடுவே கொண்டுபோகும்போது முகத்தில் பொட்டு வைக்க முடியாவிட்டால் உள்ளங்காலில் வைப்போம். யார் கண்ணிலும் படாது, ஆனால் இருக்கும். எனக்கு அந்த யோசனை வரவே இல்லை. பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது. நான் வைக்கவில்லை.

தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அதன்மேல் நூல்கண்டுக்குப் பக்கத்தில் மை டப்பா திறந்து கிடந்தது. தங்கை ஆள்காட்டி விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாக்கற? மிஷின் எண்ணெ" என்றாள்.

குட்டியைக் கீழே விட்டேன். அது கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போய் மிஷினுக்கு அடியில் நுழைந்தது. அங்கே மேளச் சத்தம் கேட்காது என்று நினைத்ததோ என்னவோ. சுற்றிச் சுற்றி வந்து அவள் பாதத்தின் மேல் தலையை வைத்தது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். புகைக்குள்ளிருந்து ரயில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது, முதலில் விளக்கு, பிறகு மீதி. கொஞ்ச நேரம் கழித்து மிஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது, மெதுவாக.

பேப்பர் சாயங்காலம்தான் வந்தது. ஆனால் மத்தியானமே அவள் கிண்டிக்குப் போன் செய்து பேசியது எனக்குக் கேட்டது. "குட்டி இல்ல, வேற பாத்துக்குங்க. ஆமா. இல்ல, இல்ல, இது காவலுக்கு ஆவாது. போனப் பாத்தா நக்குது."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாலிசி போட்டதும் முதல் கொஞ்ச நாளுக்கு நோய்க்குச் செல்லாது, காத்திருக்க வேண்டும் என்று பாலிசிக்காரர் சொன்னார். எத்தனை நாள் என்பதை மறந்துவிட்டேன். காணாமல் போவதற்கு எதுவரை கொடுப்பார்கள், வருஷா வருஷம் டாக்டர் கையெழுத்து வேண்டுமா, அதுவும் நினைவில்லை. பேப்பர் இங்கிலீஷில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நாலு பேர் தங்கள் குட்டிக்குப் போடக்கூடும். நான் தப்பாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்க வேண்டும். அது மிஷின் எண்ணெய்தான் என்று என் தங்கை இன்னமும் சொல்கிறாள். அந்த ஒன்றை மட்டும் நான் எழுதினபடியே விட்டுவிடுங்கள்.